நண்டுக் குஞ்சு வளர்ப்பும் வன்னிக் கடற்கரையும்

சிங்கப்பூரின் உணவுச்சாலைகளில் 'இலங்கை நண்டு' என்று தனிப்பெயரிட்டுத் தனி விலைக்கு விற்கப்படும் சேற்று நண்டு, பல தசாப்தங்களாக நமது களப்புகளிலிருந்து உயிருடன் விமானமேறிச் சென்று வருவது. 2011 ஆம் ஆண்டின் இறுதியில், கொழும்புக் கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில், சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரும் 'மினிஸ்ட்ரி ஒப் கிராப்' என்னும் உணவகத்தைத் தொடங்கியபோது, அதுகாறும் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே போய்க்கொண்டிருந்த பெரிய நண்டு தலைநகரத்துத் தட்டிலும் ஏறலாயிற்று. இத்துணைப் பிரசித்தி பெற்ற இந்த ஜந்து தன் பிள்ளைப் பருவத்தை எங்கே, எவ்வாறு கழிக்கிறது என்பதை, அதைப் பிடித்து விற்றே ஜீவிப்பவர்களுட் கூடப் பலர் கண்ணாற் கண்டதில்லை. தாய் நண்டு களப்பை விட்டுக் கடலுக்குப் போய் முட்டை பொரிக்கிறது. பொரித்தவை மில்லிமீற்றர் அளவினவாய், நண்டின் சாயலே சிறிதுமின்றி, நீரோட்டத்தோடு அலைந்து திரிந்து, உருமாறி, விரல்நுனியிற் கொள்ளும் சிறு நண்டாகிக் களப்புக்குத் திரும்புகின்றன. இந்த இடைப்பட்ட ஒரு மாத காலத்தைக் கடலின் கையிலிருந்து வாங்கி மனிதன் தன் தொட்டியில் நடத்திக்காட்ட முடியுமா, முடிந்தால் அதனால் வன்னிக் கரையோர மக்களுக்கு வரக்கூடிய நன்மை யாது என்பவையே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட விஷயங்கள்.

வன்னி என்றவுடன் குளமும் வயலும் காடுமே பலருக்கு நினைவில் வருமாயினும், அதன் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களுக்குக் கடல் உண்டு. முல்லைத்தீவுப் பக்கத்திலே தெற்கிலிருந்து வடக்காகக் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், மாத்தளன், சாலை என்று களப்புகளும் உப்புநீர்ப் பரப்புகளும் வரிசையாகக் கிடக்கின்றன; அப்பால் சுண்டிக்குளம். கிளிநொச்சியின் வடக்கிலும் மேற்கிலும் கிளாலி, பூநகரி, கௌதாரிமுனை, கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடா ஆகிய கரைகளும், 1992 இல் இடம்பெயர்ந்த மக்கள் 2018 இல் தாமாகவே வள்ளமேறித் திரும்பிச் சென்ற இரணைதீவும் உள. கடலற்ற வவுனியாவுக்கும் இதிற் பங்கில்லை என்று சொல்லிவிடலாகாது. அங்கே தோன்றும் கனகராயன் ஆறே இரணைமடுவை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளத்திற் போய் விழுகின்றதாதலால், மேட்டுநிலத்துக் குளங்களில் நீர் மறிக்கப்படுவதும் திறந்துவிடப்படுவதும் கீழேயுள்ள களப்பின் உப்பளவைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்றாகின்றன. இக்கரைகளில் இரண்டு நண்டுகள் வருமானம் தருவன. மேற்கே, சாதாழை படர்ந்த ஆழமற்ற கடலில், வலையிற் படும் நீலக்கால் நண்டு ஒன்று. கண்டலும் சேறும் உள்ள களப்புகளில் வளை தோண்டி வாழும் சேற்று நண்டு மற்றொன்று. முன்னது வலையிலிருந்து எடுத்த சிறிது நேரத்திற் சோர்ந்து இறப்பதாதலின் சதையாகப் பிரிக்கப்பட்டு மேனாடுகளுக்குப் போகிறது. பின்னது காலும் கொடுக்கும் கட்டப்பட்டு, ஈரச் சாக்கின் கீழ் நாட்கணக்கில் உயிர்தரித்திருப்பதால் உயிருடனே விற்கப்படுகிறது. குஞ்சு வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவதனாலேயே இப்பேதத்தை முதலிற் குறிக்க நேர்ந்தது.

நண்டின் இளம்பருவத்தை அறிந்த வரலாறு நீண்டதன்று. கடல்நீரில் மிதக்கும் முள்ளுடைய ஒரு சிறு பிராணிக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்ததை அடுத்துப் பிரெஞ்சு இயற்கையறிஞர் போஸ்க் 'சோயியா' என்று பெயரிட்டு, அதனைத் தனி இனமாகவே கணித்தார். அது நண்டின் குஞ்சே என்பதை, அயர்லாந்தின் கோர்க் நகரில் இராணுவ வைத்தியராயிருந்த ஜோன் வோகன் தொம்சன் 1828 இல் வெளியிட்டபோது, அக்காலத்து விஞ்ஞானிகள் சிலர் அவரை நம்பவில்லை. தாயின் சாயல் ஒரு சிறிதும் இல்லாத பிள்ளையை யார்தான் எளிதில் ஒப்புவர்? சேற்று நண்டின் குஞ்சை ஆய்வுகூடத்தில் முதற்பருவம் முதல் சிறு நண்டாகும் வரை வளர்த்து, ஒவ்வொரு பருவத்தையும் விவரித்தவர் மலாயாவின் பினாங்கில் ஆராய்ந்த ஓங் கா சின். அவர் கட்டுரை வெளிவந்தது 1964 இல். அதன் பின் பிலிப்பைன்சில், 1973 இல் நிறுவப்பட்ட தென்கிழக்காசிய மீன்வள அபிவிருத்தி நிலையத்தின் நீருயிர் வளர்ப்புப் பிரிவும், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளரும், வியட்நாமியரும் அதனை ஆய்வுகூடத்திலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து சந்தைக்கும் கொண்டுவந்தனர்.

நமக்கு அண்மையிலுள்ள உதாரணங்கள் பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ளன. 1947 இல் நிறுவப்பெற்ற இந்திய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. தலைமையிடம் கொச்சிக்குப் போன பின்னும் அங்கே ஒரு பிராந்திய மையம் இயங்கிவருகிறது. நீலக்கால் நண்டின் குஞ்சுகளை வளர்க்கும் ஆய்வுகள் நடந்த இடங்களுள் அதுவும் ஒன்று. வன்னியாருக்கு மண்டபம் என்ற பெயர் அகதி முகாமின் பெயராகவே பழகிப்போயிற்று. வள்ளமேறி அக்கரையில் இறங்கியவர்களுள் எத்தனை பேர், தாங்கள் விட்டுவந்த கடலின் நண்டை அங்கே தொட்டியில் வளர்க்கிறார்கள் என்று அறிந்திருப்பார்களோ! சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சேற்று நண்டில் ஆராய்ச்சி நடத்திற்று. ஆயினும் வியாபார அளவில் குஞ்சு உற்பத்தி செய்து விவசாயிகளின் கையிற் சேர்த்த பெருமை, சீர்காழிக்கு அருகே தொடுவாய் என்னும் கடலோரக் கிராமத்தில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் அமைத்த பொரிப்பகத்துக்கே உரியது. 2004 இல் ஏற்படுத்தப்பட்ட அந்நிலையம், பிலிப்பைன்ஸ் அனுபவத்தைத் துணைக்கொண்டு பல வருஷங்கள் தோற்றுத் தோற்றுப் பழகி, 2013 இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் சிறு நண்டுகள் என்ற அளவை எட்டியது. குஞ்சுகளுட் பிழைப்பவை நூற்றுக்கு மூன்று என்பதே உலக வழக்காயிருக்க, தாங்கள் அதை ஏழுக்கு உயர்த்தியதாக அந்நிலையத்தார் கூறுவர். நூற்றுக்கு ஏழு பிழைப்பதைக் கோழி வளர்ப்பவன் கேட்டால் நகைப்பான். ஆனால் ஒரு தாய் நண்டு ஒரு முறை இடும் முட்டை பத்து லட்சத்துக்கு மேல், சில வேளை அதற்குப் பன்மடங்கு என்பதை உடன்சேர்த்து எண்ணினால் அந்த ஏழின் மதிப்பு விளங்கும்.

தாயிலிருந்தே தொடங்குவோம். ஓடு கழற்றி உடல் இளகியிருக்கும் வேளையிலேதான் பெண் நண்டு ஆணோடு கூடும். கூடியபோது பெற்ற விந்தைத் தன் உடலிலுள்ள பைகளிற் சேமித்து வைத்துக்கொண்டு, மாதங்கள் சென்ற பின்னும் அதனால் முட்டைகளைக் கருவுறச் செய்யும். ஆதலாற் பொரிப்பகத்தில் ஆண் நண்டு பெரும்பாலும் வேண்டியதில்லை; களப்பின் வாயிலில் வலைப்பட்ட, சினை நிறைந்த பெண் நண்டுகளே வாங்கப்படுகின்றன. அவற்றை மருந்து நீரில் குளிப்பாட்டி, இருண்ட தொட்டியில் விட்டு, மட்டியும் கணவாயும் ஊட்டி வைத்திருப்பர். முட்டையிடத் தாமதிக்கும் நண்டின் ஒரு கண்தண்டை நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. சினை முதிர்வதைத் தடுக்கும் சுரப்பு அத்தண்டில் உண்டாவதால் அதை நீக்கியதும் முதிர்வு விரைகிறது. கொடிய முறைதான், நல்ல தீனி கொடுத்துப் பொறுத்திருந்தால் அது வேண்டாம் என்பாரே இப்போது பெருகிவருகின்றனர். தொட்டியின் அடியில் மணல் பரப்புவது சிறிய காரியமாகத் தோன்றும். ஆனால் அம்மணலில் வயிற்றைப் புதைத்து அமர்ந்தாலன்றி, வெளிவரும் முட்டைகள் வயிற்று மடலின் கீழுள்ள மயிர்க்கால்களிற் பற்றிக்கொள்வதில்லை. வெறுஞ்சீமெந்துத் தரையில் இட்ட முட்டைகள் உதிர்ந்து வீணாவதைக் கண்ட பின்பே ஆராய்ச்சியாளர் இதை உணர்ந்தனர்.

முட்டைத்திரள் முதலில் செம்மஞ்சளாயிருந்து, நாட்செல்லக் கபில நிறமாகி, கருவின் கண்கள் தோன்றியதும் கருஞ்சாம்பலாகும். பத்துப் பன்னிரண்டு நாளிற் பொரிக்கும். நண்டு கருவளித்தவுடன் மாண்டுபோகும் என்பது நம்முடைய நீதிநூல்கள் நெடுங்காலமாக உவமைக்கு எடுத்தாண்ட செய்தி. பொரிப்பகத்தாரோ, பொரித்து ஓய்ந்த தாயைத் தனியே எடுத்து ஊட்டி, அதே பருவத்தில் இரண்டாம் முறையும், சில வேளை மூன்றாம் முறையும் முட்டையிடச் செய்கின்றனர்.

பொரித்த இரவு விடிந்ததும் தொட்டியின் ஓரத்தில் ஒரு விளக்கை ஏற்றினால், வலிய குஞ்சுகள் யாவும் ஒளியை நாடி மேற்பரப்பிற் புகைபோலத் திரளும். நலிந்தவை அடியிற் கிடக்கும். மேலே திரண்டவற்றை மாத்திரம் மொண்டு, எண்ணி, லீற்றருக்கு ஐம்பது முதல் நூறு வரையாக வளர்ப்புத் தொட்டியில் இடுவர். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் பெரிய இரு கண்களும், முகத்தில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாய் நீண்ட முட்களும், கவட்டை வாலும் உடைய இப்பிராணி, கால் நூற்றாண்டளவு அறிஞரை ஏமாற்றியதில் ஆச்சரியம் தோன்றாது. சேற்று நண்டுக்கு இச்சோயியாப் பருவம் ஐந்து. நீலக்கால் நண்டுக்கு நான்கு. நீரின் உப்பு ஆயிரத்துக்கு முப்பது அளவிலும், வெப்பம் இருபத்தெட்டு முப்பது பாகையிலும் நின்றால், ஐந்து பருவங்களும் ஏறக்குறைய இரண்டரை வாரத்தில் முடியும். வாய் மிகச் சிறிதாதலால் முதல் நாட்களில் இவை உண்ணத்தக்கது 'ரொட்டிபர்' என்னும் சக்கரப்பிராணி ஒன்றே. அதற்குத் தீனி பசும்பாசி. ஆகவே நண்டு வளர்க்கப் புகுந்தவன் முதலிற் பாசியையும், பின்னர் பாசியுண்ணும் பிராணியையும், இறுதியாகவே நண்டையும் வளர்க்க வேண்டியவனாகிறான். இரண்டாம் மூன்றாம் பருவத்திலிருந்து உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியாவின் குஞ்சுகளைச் சேர்த்துக் கொடுப்பர்; அதன் உலர்ந்த முட்டைகள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியிலிருந்து தகரப் பேணியில் அடைபட்டு வருவன, விலையும் அதிகம். பொரிப்பகத்தின் செலவுப் புத்தகத்தைப் புரட்டினால் நண்டுக்காகச் செலவிட்டதைக் காட்டிலும் நண்டின் தீனியின் தீனிக்காகச் செலவிட்டதே கண்ணிற் படும்.

மரணம் இரண்டு வாயில்களால் வருகிறது. முதலாவது நோய். கடல்நீரில் இயல்பாகவே உள்ள விப்ரியோ என்னும் பக்டீரியாக்கள், எஞ்சிய தீனியும் செத்த குஞ்சும் அடியில் மண்டும்போது பெருகிவிடும். அவற்றுள் ஓரினம் ஒளிவிடுவதாதலால், நள்ளிரவில் விளக்கை அணைத்துத் தொட்டியை எட்டிப் பார்த்து நீர் பச்சொளி காட்டினால், அத்தொகுதி அன்றோடு முடிந்தது என்று பணியாளர் அறிவர். இதற்கஞ்சிக் கைக்கு வந்தபடி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொட்டிய காலம் ஒன்றிருந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை உண்டாக்கிக் கடலிற் கழித்துவிட்டதே அதனால் விளைந்த பலன். நீரைக் குளோரினால் முன்கூட்டியே சுத்திகரித்தல், அடியை நாள்தோறும் குழாய்வழி உறிஞ்சி அகற்றுதல், தீங்கற்ற பக்டீரியாக்களைப் பெருக்கித் தீயவற்றுக்கு இடமில்லாமற் செய்தல் ஆகிய அலுப்பூட்டும் ஒழுங்குகளே இன்று சிறந்த பொரிப்பகங்களின் நெறி. இரண்டாவது வாயில் உருமாற்றம். ஐந்தாம் சோயியா 'மெகலோப்பா' ஆகும் அந்த ஓர் இரவில், அதுவரை செவ்வையாய் வளர்ந்தவையும் பழைய தோலினின்று வெளிவர மாட்டாமற் பாதி வழியில் மாளும். ஊட்டத்திற் குறிப்பிட்ட சில கொழுப்பமிலங்கள் போதாமையே இதற்கு முக்கிய காரணமென்று கண்டு, ஆர்ட்டீமியாவுக்கே முன்கூட்டி அவற்றை ஊட்டிப் பின் நண்டுக்கு இடுகின்றனர்.

இவ்வளவையும் கடந்து பிழைத்த மெகலோப்பாவுக்குக் கொடுக்கு முளைக்கிறது. கொடுக்கு முளைத்தவுடன் அது தன் உடன்பிறந்ததைப் பிடித்துத் தின்கிறது. ஏழு முதல் பத்து நாளில் அது மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலமுள்ள சிறு நண்டாகி, அதன் பின் சில நாளைக்கொரு முறை ஓடு கழற்றுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடு கழற்றுவனவல்ல. கழற்றியது இளகிக் கிடக்கும் சில மணி நேரத்தில் கழற்றாதது அதைக் கொன்றுவிடும். தொட்டி எவ்வளவு தூய்மையாயிருந்தாலும், தீனி எவ்வளவு நிறைந்திருந்தாலும், நெருக்கம் நீடித்தால் இச்சங்காரம் நிற்பதில்லை. இதற்கு அறியப்பட்ட பரிகாரம் மூன்றே: இடத்தை விரித்தல், ஒளிந்துகொள்ள வலைத்துண்டும் கடற்பாசியும் குழாய்த் துண்டுகளும் இடுதல், பெரியதையும் சிறியதையும் அடிக்கடி பிரித்தல். பொரிப்பகத்தின் விலையுயர்ந்த தொட்டிகளில் இவை இயலா. நெருக்கமான கண்ணுள்ள வலைப்பெட்டிகளைக் குளத்திலோ களப்போரத்திலோ கட்டி, அவற்றில் மூன்று நான்கு வாரம் வளர்த்து, அங்குல அளவுக்கு வந்த பின்பே அடுத்த இடத்துக்கு மாற்றுவது பிலிப்பைன்சிலும் தமிழ்நாட்டிலும் கண்ட வழி. வன்னி உழவன் நாற்று நட்டுப் பழகியவனல்லன். மானாவாரியாக வயலில் நேரே நெல்லை வீசி விதைப்பவன். அவனுடைய கையிலே நண்டுக் குஞ்சைக் கொடுத்தால் அதையும் நேரே களப்பில் வீசிவிடவே மனம் எழும். நண்டு நாற்றங்கால் கேட்கும் பயிர். இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு முடிவாகத் தோன்றுவது இதுதான்: பெரும்பணம் வேண்டும் பொரிப்பகத்தைக் காட்டிலும், கரையோரத்தாரே நடத்தத்தக்க வலைப்பெட்டி நாற்றங்கால்களே வன்னியில் முதலில் எழ வேண்டியவை.

இதற்குச் சான்று அயலில் உண்டு. பிலிப்பைன்சின் பனாய்த் தீவில் இபாஹாய் என்னும் ஊரின் கண்டற்காட்டில், தென்கிழக்காசிய நிலையத்தாரும் பிரித்தானிய ஆய்வாளரும் சேர்ந்து பொரிப்பகக் குஞ்சுகளை அடையாளமிட்டு விடுவித்து, ஊர் மீனவர் பிடித்தவற்றை எண்ணிப் பார்த்தனர். பிடிபாடு உயர்ந்தது, அதிலும் பொரிப்பகத்திலிருந்து நேரே விட்டவற்றை விடக் கண்டற்குளத்தில் சிறிது காலம் வாழப் பழக்கி விட்டவையே மிகுதியாய்ப் பிழைத்தன. மாறாக, நீலக்கால் நண்டுக்கு வேறொரு வழக்கம் தாய்லாந்தில் உண்டு. வலையிற் படும் முட்டை நண்டை மீனவன் விற்காமல் ஊர்ப் பொதுத் தொட்டியில் இரண்டொரு நாள் இட்டு, குஞ்சு பொரித்ததும் குஞ்சைக் கடலிலும் தாயைச் சந்தையிலும் விடுகிறான். இதனை 'நண்டு வங்கி' என்பர். செலவு ஒரு தொட்டியும் ஒரு காற்றுக்குழாயுமே. முட்டையோடு கொதிநீரிற் போவதைத் தடுப்பதால் இது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாறு விட்ட சோயியாக்களில் எத்தனை நண்டாகும் என்பது கடலுக்கே வெளிச்சம்; இதனைக் குஞ்சு வளர்ப்பு என்று கணக்கிற் காட்டி விழா எடுப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். வலைப்பாட்டிலும் நாச்சிக்குடாவிலும் நீலக்கால் நண்டுக்கு இம்முறை போதும். விலையும் பொறுமையும் வேண்டும் பொரிப்பகக் குஞ்சு, உயிருடன் பெருவிலை பெறும் சேற்று நண்டுக்கே கட்டுபடியாகும்.

இனி நிலத்தியல்பு. சோயியாவுக்குக் கடலின் முழு உப்பும் வேண்டும் என்றோம். முல்லைத்தீவுக் களப்புகளோ ஐப்பசி முதல் தை வரை ஆற்றுநீரால் நிரம்பித் தெளிகின்றன. நந்திக்கடல் நிரம்பி வயல்களில் ஏறுமென்று கண்டால் வட்டுவாகலில் மணற்றிட்டை வெட்டி முகத்துவாரம் திறந்துவிடுவர். சித்திரைக்குப் பின் அதே களப்பு வற்றிக் கடலினும் உவர்ப்பாகும். கடும் வறட்சியில் மீன் செத்து மிதப்பதும் புதிதன்று. ஆகவே பொரிப்பகம் ஒன்று எழுமாயின் களப்பை நம்பாது திறந்த கடலிலிருந்து நீரெடுக்கும் கரையில் எழ வேண்டும். நாற்றங்காலுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. சிறு நண்டு உப்பின் ஏற்றவிறக்கத்தைப் பொறுக்கும். மாரி வடிந்து முகத்துவாரம் மூடிய மாசி முதல் ஆனி வரை அதற்கு உகந்த காலம். இடத்தைத் தெரிவதில் சட்டமும் குறுக்கிடும். சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவாயிற்று. நந்திக்கடலும் நாயாறும் 2017 இல் இயற்கை ஒதுக்கிடங்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2009 மே மாதத்தில், உள்நாட்டுப் போரின் முடிவில், நந்திக்கடற்கரையில் நிகழ்ந்ததை அறிந்த மக்கள், அக்கரையில் எல்லைக்கல் நடும் எந்தத் திணைக்களத்தையும் ஐயத்துடனேயே நோக்குவர், அதனைக் குறைகூறுவதற்கில்லை.

தீனியைப் பொறுத்தவரை வன்னிக்கு ஓர் அனுகூலம் உண்டு. அதை இதுவரை போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வியட்நாமின் வின் சாவ் உப்பளங்களில், மழையற்ற மாதங்களில் உப்பு விளையும் அதே பாத்திகளில் ஆர்ட்டீமியாவையும் வளர்த்து முட்டை அறுவடை செய்கின்றனர். 1980களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வித்து அது. மேக்கோங் கழிமுகத்தில் குடும்பங்களே நடத்தும் நூற்றுக்கணக்கான சிறு நண்டுப் பொரிப்பகங்கள் நிலைத்திருப்பதற்கு இந்த உள்ளூர்த் தீனியும் ஒரு காரணம். ஆனையிறவும் குறிஞ்சாத்தீவும் உப்பளங்களாகப் பெயர்பெற்ற இடங்கள். உப்பின் கணக்கோடு ஆர்ட்டீமியாவையும் சேர்த்து அங்கே சோதனை செய்வது, பத்துக் கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டுவதினும் பயனுடைத்து.

அச்சமும் ஒன்றுண்டு. புத்தளக் கரையில் இறால் வளர்ப்பு பெருகிய காலத்தில், 1996 இல் வெண்புள்ளி வைரஸ் புகுந்து பண்ணைகளை வெறுமையாக்கியதும், கண்டலை வெட்டி அகழ்ந்த குளங்கள் பாழ்பட்டுக் கிடந்ததும் நாம் அறிந்ததே. சேற்று நண்டு அந்த வைரஸை உடலிற் சுமந்தும் நோய்க்குறி காட்டாமல் உலவவல்லது. தொடுவாயிற் குஞ்சு மலிவாய்க் கிடைக்கிறதென்று நீரிணைக்கு அப்பாலிருந்து பொதிபொதியாகக் கொண்டுவரத் துணிவோர், அக்குஞ்சோடு எது வருகிறது என்பதைச் சோதித்தறிய வசதி ஏற்படும் வரை கையைக் கட்டிக்கொண்டிருத்தல் நலம். அறிவைக் கொண்டுவருவதற்குத் தடையில்லை. உயிரைக் கொண்டுவருவதற்கே தடை வேண்டும்.

கடைசியாக, கடல் யாருடையது என்ற வழக்கு. 2021 இல் கௌதாரிமுனையில் வெளிநாட்டு நிறுவனத்தோடு தொடர்புற்ற கடலட்டைப் பண்ணை பற்றி எழுந்த சர்ச்சையும், அதற்கடுத்த ஆண்டு கிராஞ்சி இலவங்குடாவில் பண்ணை வேலிகளுக்கெதிராகக் கடற்றொழிலாளர் தொடர்ந்து நடத்திய போராட்டமும், நீருயிர் வளர்ப்பு என்ற சொல்லையே பூநகரிக் கரையில் மனம் கசந்து கேட்கும்படி செய்துவிட்டன. சிறகுவலை கட்டிய இடத்தை, வள்ளம் போன வழியை, பெண்கள் நடந்து மட்டி பொறுக்கிய திட்டைக் கம்பிவேலி அடைத்தால், உள்ளே வளர்வது அட்டையாயினும் நண்டாயினும் ஊராருக்கு ஒன்றே. இன்னொரு பக்கத்தில், 2017 இல் இழுவைமடித் தொழிலைச் சட்டம் தடுத்த பின்னும் இந்திய இழுவைப் படகுகள் இரவில் வந்து அடித்தளத்தை வாரிச் செல்வது ஓயவில்லை. சாதாழையும் சிறுநண்டும் ஒருங்கே வாரப்படும் கடலில் குஞ்சு விடுவது யாருக்கு உபகாரம் என்று மீனவன் கேட்டால் அதிகாரிகளிடம் தக்க விடை இல்லை. இக்காரணம் பற்றியும் திறந்த கடலைக் காட்டிலும் களப்பு நாற்றங்காலே பொருத்தமென்பேன். வலைப்பெட்டிக்கு வேண்டும் இடம் சிறிது, பருவம் முடிந்தால் கழற்றி எடுத்துவிடலாம், வேலி நிரந்தரமாவதில்லை. அனுமதிப்பத்திரத்தைத் தனியாள் பேரிலோ தலைநகரத்துக் கம்பனியின் பேரிலோ கொடாது, அந்தந்தத் துறையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கே கொடுத்தலும், போரின் பின் நண்டுச் சதை பிரிக்கும் ஆலைகளில் நாட்கூலிக்குப் போய்வரும் பெண்களை அப்பெட்டிகளின் பொறுப்பாளராக்குதலும் இயலாத காரியங்களல்ல. குஞ்சைத் தரம் பிரிப்பது, தீனி அளந்து இடுவது, ஓடு கழற்றியதைக் கண்டு விலக்குவது எல்லாம் கூர்ந்த கண்ணும் விரைந்த கையும் வேண்டும் வேலைகள். 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான தேசிய நீருயிர் வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் கடமை, குஞ்சை நோய்ப் பரிசோதனை செய்து நியாய விலைக்குத் தருவதோடு முடியுமாயின் போதும். மேற்கொண்டு வளர்ப்பதையும் விற்பதையும் கொக்கிளாயும் பூநகரியும் தாமே பார்த்துக்கொள்ளும்.